அதுல எத்தனை சேனல் வரும் கண்ணு?

ஊட்டி பக்கம் முத்தோரைல ஒரு பாட்டி வீட்டுக்கு டிஷ் மாட்ட போயிருந்தேன். ஏணிய சுவத்துல சாத்தி, கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி, டிஷ்ஷ ஒரு விரக்கடை இந்தப்பக்கம் ஒரு விரக்கடை அந்தப்பக்கம்னு நகத்திட்டு இருக்கேன், கீழ நம்ம பையன் மீட்டர பாத்து "அறுபது... அறுபத்தஞ்சு... அய்யோ போச்சுண்ணா, பழைய இடத்துக்கே வாங்க"ன்னு கத்திட்டு இருக்கான். பாட்டி வாசல்ல உக்காந்து பூண்டு உரிச்சுட்டே எங்க கூத்த பாத்துட்டு இருந்தாங்க. எல்லாம் முடிஞ்சு படம் வந்ததும், எதிர் சரிவ கைய நீட்டி காட்டி கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி.

"ஏன் கண்ணு, இத்தனூண்டு தட்டுலயே எரநூறு முன்னூறு சேனல் வருதுங்கற. அங்க மலை நீளத்துக்கு கட்டி வெச்சிருக்காங்களே, அதுல எத்தனை சேனல் வரும்?"

நானும் பையனும் சிரிச்சுட்டோம். பைக்க எடுத்துட்டு திரும்பி வர்றப்ப தான் உறைச்சுது, எனக்கும் பதில் தெரியாது. 18 வருஷமா ஊட்டில டிஷ் மாட்டுறேன், அதுக்கு முன்னாடி எங்க மாமா கேபிள் நடத்துனப்ப மொட்டமாடில பன்னெண்டு அடி சி பேண்ட் டிஷ்ஷ தொடச்சு வளந்தவன், எமரால்டு ரோட்டுல போறப்ப வர்றப்ப எல்லாம் வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைய கேக்குற அந்த ரேடியோ டெலஸ்கோப்ப பாத்திருக்கேன், ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒருநாள் கூட யோசிச்சதில்ல. அன்னைக்கு நைட்டு ஆரம்பிச்ச தேடல் தான் இது. நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

பாக்காதவங்களுக்கு முதல்ல அது எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். ரேடியோ டெலஸ்கோப்னு சொன்னா எல்லாரும் பெரிய கிண்ணத்த நினைப்பீங்க. ஊட்டில இருக்கறது கிண்ணம் இல்ல. ஒரு பிவிசி பைப்ப நீளவாக்குல ரெண்டா பொளந்து மலைச்சரிவுல படுக்க வெச்சா எப்படி இருக்கும், அப்படி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். பெருக்கி பாத்தா கிட்டத்தட்ட நாலு ஏக்கர், எங்க ஊர்ல நாலு ஏக்கர் கேரட் போட்டவர் பெரிய ஆள். பக்கத்துலயே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி பண்ணை, கீழ பாலாடால கேரட் கழுவுற மெஷின் சத்தம், லோடு லாரி, நடுவுல இது. டாடா ஆராய்ச்சி நிறுவனம், டிஐஎஃப்ஆர்ம்பாங்களே, அவங்களோடது. 1970ல வேலை செய்ய ஆரம்பிச்சது.

கட்டுனவர் பேர் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப்பிரதேசத்துக்காரர், அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல டாக்டரேட் வாங்குனவர். வெளிநாட்டுல இருந்த இவரும் இன்னும் சில பேரும் சேந்து நாங்க இந்தியா வந்து ரேடியோ வானியல் ஆரம்பிக்கறோம்னு டிஐஎஃப்ஆர் தலைவரா இருந்த ஹோமி பாபாவுக்கு எழுத, அவரும் வாங்கன்னு தந்தி அடிச்சிட்டார். 1963ல வந்து சேந்தார், முதல்ல மும்பை பக்கம் கல்யாண்ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த சின்ன டிஷ்ஷுங்க 32 வெச்சு சூரியன பாத்திருக்காங்க. அடுத்தது தான் நம்ம ஊர். பாபா பாவம் 1966ல விமான விபத்துல போய்ட்டார், முடிஞ்சத பாக்கல.

சரி, ஏன் ஊட்டி? நான் இத்தன நாள் என்ன நினைச்சேன்னா, உயரமான இடம், குளுகுளுன்னு இருக்கும், சயின்டிஸ்ட்டுங்களுக்கு பிடிச்சிருக்கும்னு. விஷயம் அது இல்லவே இல்ல. இத ஒரு டிஷ் மாட்டுறவனா சொன்னா தான் எனக்கே புரியுது, அதனால அப்படியே சொல்றேன்.

நான் மாட்டுற டிஷ் ஒரு தடவ திருப்பி டைட் பண்ணா அவ்ளோதான், அப்புறம் குரங்கு வந்து ஆட்டுனா தான் உண்டு. ஏன்னா டிவி சாட்டிலைட் பூமி சுத்துற வேகத்துலயே கூடவே சுத்துது, நமக்கு அது ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கும். நம்ம பக்கம் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல, அதனால தான் ஊட்டி டிஷ்ஷெல்லாம் மல்லாந்து கிடக்கும், குளிர் நாட்டு போட்டோல பாத்தீங்கன்னா டிஷ் எதிர் வீட்ட வேடிக்க பாக்குற மாதிரி நிமிந்து நிக்கும். ஆனா நட்சத்திரம், கேலக்ஸி இதெல்லாம் நிக்காது. கிழக்க உதிச்சு மேற்க விழுந்துட்டே இருக்கும். அத விடாம கேக்கணும்னா டிஷ் கூடவே திரும்பணும்.

திருப்புறது தான் தலவலி. இங்கிலாந்துல ஜோட்ரெல் பாங்க்னு ஒரு இடம், அங்க பெர்னார்ட் லவல்ங்கறவர் 1957ல ஒரு டிஷ் கட்டி முடிச்சார், 76 மீட்டர் குறுக்களவு, மொத்த எடை 3,200 டன் சுமார். எந்தப்பக்கம் வேணா திருப்பலாம். இடவலமா திரும்ப வட்டமா ரயில் தண்டவாளம், மேல கீழ ஆட்ட என்ன போட்டாங்க தெரியுமா, உடைச்சு பிரிச்ச ரெண்டு போர்க்கப்பலோட பீரங்கிய தூக்கி இறக்குற பல்சக்கரம். பழைய இரும்புக்கடைல பார்ட்ஸ் தேடுற நம்ம புத்தி அங்கயும் இருந்திருக்கேன்னு எனக்கு ஒரே குஷி. ஆனா அதுல நட்சத்திரத்த பின்தொடரணும்னா ரெண்டு மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடணும், ரெண்டோட வேகமும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறணும். 3,200 டன்ன வெச்சுட்டு.

ஸ்வரூப் பண்ணது என்னன்னா அந்த வேலைல பாதிய மலைகிட்ட குடுத்துட்டார்.

ராத்திரி வானம் மொத்தமும் துருவ நட்சத்திரத்த அச்சாணியா வெச்சு சுத்துது இல்லையா. ஊட்டில இருந்து பாத்தா துருவ நட்சத்திரம் வடக்குல தரைல இருந்து 11 டிகிரி சொச்சம் உயரத்துல நிக்கும், ஏன்னா ஊட்டியோட அட்சரேகையே அது தான். அப்ப வடக்கு பாத்து சரியா அதே 11 டிகிரி ஏறுற ஒரு சரிவு கிடைச்சா, அதுமேல டெலஸ்கோப்ப படுக்க வெச்சா, அதோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா ஆயிடும். அப்புறம் ரெண்டு பக்கமெல்லாம் திருப்ப வேணாம், உருளைய உருட்டுற மாதிரி ஒரே பக்கம், ஒரே சீரான வேகத்துல திருப்புனா போதும், பூமி இந்தப்பக்கம் சுத்தறத அது அந்தப்பக்கம் சுத்தி ஈடு கட்டிடும். அந்த சரிவ தேடி தான் தென்னிந்தியாவுல அலைஞ்சு கடைசில முத்தோரைல வந்து நின்னிருக்காங்க. டெல்லில கட்டணும்னா 28 டிகிரி சரிவு வேணும், அதுல ஆடு ஏறும், லாரி ஏறாது. இங்கிலாந்துல 53 டிகிரி, அது சரிவில்ல செவுரு.

தெற்கு முனைல நின்னு வடக்கு முனைய பாத்தா அது கிட்டத்தட்ட 100 மீட்டர் மேல இருக்கும், கண்ணு அதே கோட்டுலயே இன்னும் மேல போனா துருவ நட்சத்திரத்துல போய் முட்டும். மலைய கட்டுனவன் எவனோ தெரியாது, வளைவு பாக்காம சரியா 11 டிகிரில விட்டுட்டு போயிருக்கான். எனக்கு ஒரு கிளாம்ப் நேரா நிக்க மூணு வாஷர் வேணும்.

அடுத்தது கம்பி. தூரத்துல இருந்து பாத்தா ஏதோ தகடு மாதிரி வெயில்ல மின்னும், ஆனா தகடே கிடையாது. 24 பெரிய இரும்பு சட்டம், வில்லு மாதிரி வளைஞ்சு, 23 மீட்டருக்கு ஒண்ணுன்னு வரிசையா நிக்குது. அதுமேல இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி 1,100 இழுத்து கட்டியிருக்காங்க. ஒவ்வொண்ணும் 530 மீட்டர்னா மொத்தமா 580 கிலோமீட்டருக்கு மேல, ஊட்டில ஒரு முனைய கட்டிட்டு சென்னை வரைக்கும் இழுத்துட்டு போலாம். இது தான் கண்ணாடி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல சில சென்டிமீட்டர் சந்து இருக்கு, அதுவழியா சிக்னல் ஓடிடாதான்னு கேட்டா, ஓடாது. அது பிடிக்கற அலையோட நீளம் 92 சென்டிமீட்டர் சுமார். அவ்ளோ பெரிய அலைக்கு அந்த சந்து கண்ணுக்கே தெரியாது, தகடுன்னே நினைச்சு திரும்பிடும். எங்க மாமாவோட சி பேண்ட் டிஷ் வலை மாதிரி இருந்ததும், இப்ப நான் மாட்டுற சின்ன டிஷ் முழு தகடா இருக்கறதும் இதே கணக்கு தான், அதுக்கு வந்த அலை பெருசு, இதுக்கு வர்ற அலை மூணு சென்டிமீட்டர் கூட இல்ல, ஓட்டை இருந்தா நுழைஞ்சு போயிடும். காத்துக்கும் இதுல லாபம், தகடா இருந்தா ஆடி மாசக் காத்துக்கு நாலு ஏக்கர் பாய்மரம் ஆயிருக்கும், கம்பினா காத்து பாட்டுக்கு பூந்து போயிடும்.

நம்ம டிஷ்ல நடுவுல சிக்னல வாங்குற மண்டை, எல்என்பிம்போம், அது நீட்டிட்டு நிக்கும்ல. இது கிண்ணம் இல்ல, பைப்பு, அதனால சிக்னல் ஒரு புள்ளில குவியாது, ஒரு நீளக்கோட்டுல குவியும். அந்த கோடு பூரா 1,056 டைபோல் வரிசையா வெச்சிருக்காங்க, டைபோல்னா வேற ஒண்ணுமில்ல, பழைய டிவி ஆன்டெனாவுல ஒயர் மாட்டுவோமே அந்த குச்சி, அதோட சொந்தக்காரன். இங்க தான் இன்னொரு வித்தை. கிழக்கு மேற்கா மோட்டார் திருப்பும் சரி, வடக்கு தெற்கா என்ன பண்றது, மலையவா தூக்க முடியும்? ஒவ்வொரு டைபோல்ல வர்ற சிக்னலையும் கொஞ்சம் கொஞ்சமா முன்ன பின்ன தள்ளி சேத்தா, இரும்பு ஒரு இன்ச் நகராம டெலஸ்கோப் பாக்குற திசை மட்டும் வடக்கயோ தெற்கயோ நகந்துடுது. முதல் தடவ படிச்சப்ப நம்பல. அப்புறம் தேரிழுக்கறத நினைச்சுகிட்டேன், வடத்த ஒரு பக்கம் கொஞ்சம் முந்தி இழுத்தா தேர் தானா மூலை திரும்பும்ல, அந்த மாதிரி. சரியான உதாரணமான்னு கேட்டா சண்டைக்கு வரமாட்டேன்.

இப்ப பாட்டி கேள்விக்கு வரேன். எத்தனை சேனல்? ஒண்ணே ஒண்ணு. 326.5 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ வானியலுக்குன்னே பாதுகாத்து வெச்சிருக்கற அலைவரிசைக்குள்ள வர்றது. 50 வருஷத்துக்கு மேல அதே ஒரு சேனல், அதுலயும் படம் கிடையாது, வெறும் இரைச்சல். பழைய டிவில சேனல் போனதும் உஸ்ஸுன்னு புள்ளி புள்ளியா வருமே, அந்த உஸ்ஸுல எவ்ளோ உஸ்ஸு எங்கிருந்து வருதுங்கறது தான் அவங்க தொழில்.

இத வெச்சு என்ன கண்டுபிடிச்சாங்கன்னா, ஆரம்பத்துல நிலாவ பிடிச்சாங்க. கல்லட்டி ரோட்டுல ராத்திரி எதிர்ல வண்டி வரும், தூரத்துல ஒரே வெளிச்சமா தெரியும், பைக்கா லாரியான்னு தெரியாது. கொண்டை ஊசி வளைவுல மலை மறைக்கறப்ப கவனிங்க, சட்டுனு அணைஞ்ச மாதிரி போனா ஒத்த லைட்டு, கொஞ்சம் கொஞ்சமா போனா அகலமான வண்டி. நிலா வானத்துல நகர்றப்ப பின்னாடி இருக்கற ரேடியோ கேலக்ஸிங்கள அதே மாதிரி மறைக்கும். மறையற நேரத்த வெச்சு அது எங்க இருக்குன்னும், மறையற விதத்த வெச்சு அது எவ்ளோ சின்னதுன்னும் சொல்லிடலாம். நிலா மேற்க போற வரைக்கும் கூடவே திரும்பணும், ஊட்டி டெலஸ்கோப் ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம் விடாம தொடரும். இப்படி நூத்துக்கணக்குல அளந்தாங்க. மங்கலா இருக்கறதெல்லாம், அதாவது ரொம்ப தூரத்துல ரொம்ப பழைய காலத்துல இருக்கறதெல்லாம், எப்படி சின்னதாயிட்டே போகுதுன்னு கணக்கு போட்டு பாத்தா பிரபஞ்சம் எப்பவும் ஒரே மாதிரி இருந்ததில்ல, பெருவெடிப்பு பக்கம் தான் நியாயம் இருக்குன்னு வந்துச்சு. முத்தோரைல உக்காந்து சொன்னது இது. எங்க ஊர்ல பத்து பேர்கிட்ட கேளுங்க, ஒம்பது பேருக்கு தெரியாது, பொட்டானிக்கல் கார்டன்ல எத்தனை படி இருக்குன்னு மட்டும் சொல்லுவாங்க.

அப்புறம் நிறைய பேர் என்கிட்ட கேக்கறது, இதுல ராக்கெட்ட பிடிப்பாங்களா, சந்திரயான் சிக்னல் இங்க தான் வந்துச்சான்னு. இல்லீங்க. சந்திரயானுக்கு பெங்களூர் பக்கம் பயலாலுல இஸ்ரோ 32 மீட்டர் டிஷ் தனியா வெச்சிருக்கு. விண்கலம் பேசற அலைவரிசை பெரும்பாலும் நம்ம 326.5 பக்கமே வராது, வேற நம்பருக்கு போன் அடிச்சுட்டு எடுக்கலன்னு சொல்ற கதை ஆயிடும். ஆனா வானத்த கேக்க கட்டுனது விண்கலத்தையும் கேக்கறது உலகத்துல புதுசில்ல. ஜோட்ரெல் பாங்க் கதையே அது தான். செலவு கன்னாபின்னான்னு எகிறி, லவல் கடன்ல மாட்டி, ஊர் பூரா திட்டிட்டு இருந்தப்ப 1957 அக்டோபர்ல ரஷ்யா ஸ்புட்னிக்க விட்டுச்சு. அத ஏத்திட்டு போன ராக்கெட்ட ரேடார்ல பிடிக்க இவர் டிஷ்ஷு தான் கிடைச்சுது, அதுக்கப்புறம் திட்டுனவங்க குரல் இறங்கிடுச்சு. 1966ல லூனா 9 நிலாவுல இறங்கி படம் அனுப்புது, இவங்க சிக்னல கேட்டா பத்திரிகை ஆபீஸ்ல போட்டோ அனுப்புற மெஷின் சத்தம் மாதிரியே இருக்கு. உடனே டெய்லி எக்ஸ்பிரஸ் பேப்பர்ல இருந்து ஒரு மெஷின வரவெச்சு மாட்டுனாங்க, நிலாவோட தரை அச்சாகி வெளிய வந்துச்சு, ரஷ்யாக்காரன் வெளியிடறதுக்கு முன்னாடியே பேப்பர்ல வந்துடுச்சு. அடுத்தவன் கார்டுல படம் பாக்குறது எங்க தொழில்ல மட்டும் தான் இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்னு ஒரு 64 மீட்டர் டிஷ், 1961ல கட்டுனது. ஆம்ஸ்ட்ராங் நிலாவுல நடந்தத உலகம் பூரா டிவில பாத்துச்சே, அதுல முதல் சில நிமிஷம் போக மிச்சமெல்லாம் அது வழியா வந்த படம். அன்னைக்கு அங்க மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சிருக்கு, டிஷ் தாங்குமான்னே தெரியாம பிடிச்சுட்டு இருந்திருக்காங்க. உலகக்கோப்பை ஃபைனல் அன்னைக்கு மழைல ஏணி மேல நின்னவன் நான், அந்த ஆளுங்க வயித்துல என்ன ஓடியிருக்கும்னு எனக்கு தெரியும். அதே பார்க்ஸ்ல தான் இன்னொரு கூத்தும், வருஷக்கணக்கா ஒரு புரியாத சிக்னல் அப்பப்ப வந்துட்டே இருக்க, 2015ல பாத்தா சாப்பாட்டு ரூம்ல யாரோ மைக்ரோவேவ் ஓவன் முடியறதுக்கு முன்னாடியே கதவ திறந்திருக்காங்க. அதுல இருந்து கசிஞ்சது. எனக்கும் ஒரு பாவம் இருக்கு, தொழில் கத்துக்கற காலத்துல ஒரு லைன் வீட்டுல பூஸ்டர தப்பா மாட்டி ஒரு வாரம் அந்த லைன் மொத்தத்துக்கும் படத்துல கோடு கோடா வந்து, காரணம் நான் தான்னு கடைசி வரைக்கும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்.

நம்ம நாட்டுலயும் ஒண்ணு நடந்திருக்கு. ஸ்வரூப் ஊட்டிக்கு அப்புறம் புனே பக்கம் கோடாட்ல 45 மீட்டர் டிஷ் 30 கட்ட வெச்சார், ஜிஎம்ஆர்டின்னு பேர், அதுலயும் தகடு கிடையாது, கயிறு கட்டி அதுமேல கம்பி வலை, நம்ம ஊர் கம்பி புத்தி தான். 2016 அக்டோபர் 19, ஐரோப்பாக்காரங்களோட ஸ்கியாப்பரெல்லி விண்கலம் செவ்வாய்ல இறங்கறப்ப அது பேசுன மெல்லிசு சிக்னல இங்க இருந்து கேட்டுட்டு இருந்தாங்க. தரை தொட கொஞ்ச நேரம் இருக்கறப்ப சத்தம் நின்னுடுச்சு, விழுந்து நொறுங்கிடுச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது. ஸ்வரூப் 2020 செப்டம்பர்ல தவறிட்டார்.

இதெல்லாம் படிச்சு முடிச்சப்ப மார்ச் வந்துடுச்சு. எங்க தொழில்ல மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசிலயும் ஒரு கூத்து உண்டு, மத்தியானம் பன்னெண்டு சுமாருக்கு படம் சில நிமிஷம் உடைஞ்சு உடைஞ்சு போயிடும், நாலஞ்சு நாள் தொடர்ந்து, அப்புறம் தானா சரியாயிடும். சூரியன் சரியா சாட்டிலைட்டுக்கு பின்னாடி வந்து நிக்கறது தான் காரணம். சூரியனும் ரேடியோ இரைச்சல் போடும், அந்த இரைச்சல் டிஷ்ஷுக்குள்ள நேரா விழுந்து சேனல முக்கிடும். அந்த சில நிமிஷம் நீலகிரில இருக்கற ஒவ்வொரு வீட்டு டிஷ்ஷும் ரேடியோ டெலஸ்கோப் தான், கஸ்டமருக்கு மட்டும் அது பிடிக்காது. ஊட்டி டெலஸ்கோப்பும் பல வருஷமா சூரியன தான் அதிகமா கவனிக்குது, ஆனா நேரா இல்ல. சூரியன்ல இருந்து கிளம்புற காத்து குறுக்க வந்தா தூரத்துல இருந்து ரேடியோ அலை அனுப்புறதெல்லாம் நட்சத்திரம் மாதிரி மினுக்கும், மினுக்கறத வெச்சு காத்தோட வேகத்த சொல்லிடறாங்க, புயல் ஏதாவது பூமி பக்கம் கிளம்பியிருந்தா அதுவும் தெரியும்.

எதிர்பாத்த மாதிரியே பாட்டி போன் பண்ணாங்க. "மூணு நாளா மத்தியானம் படம் போயிருது கண்ணு, நீ மாட்டுனது சரியில்ல."

போனேன். ஏணி எடுக்கல. வாசல்ல உக்காருங்க பாட்டி, டிஷ்ஷ தொட வேணாம், சூரியன் வழில நிக்குது, நகந்ததும் வந்துரும்னேன். நம்பாம பாத்தாங்க, வேலை செய்ய சோம்பேறித்தனம் பண்றான்னு நினைச்சிருப்பாங்க. டீ குடுத்தாங்க. சரி இதான் நேரம்னு அந்த பழைய கேள்விக்கு பதில் சொன்னேன், ஒரே ஒரு சேனல் தான் பாட்டி, அதுலயும் படம் வராது, நட்சத்திரத்துல இருந்து சத்தம் மட்டும் வரும்.

"அதுக்கா எங்கூட்டுக்காரர் ரெண்டு வருஷம் மண்ணு சொமந்தாரு?"ன்னாங்க.

எனக்கு டீ புரை ஏறிடுச்சு. அந்த வேலைக்கு கூலிக்கு போனவராம். கல்யாணம் ஆன புதுசாம், தினம் சாயந்திரம் வந்து அங்க என்ன கட்டறாங்கன்னு யாருக்குமே தெரியல, நீளமா போயிட்டே இருக்குன்னு சொல்லுவாராம். கம்பி கட்டி முடிச்சதும் கூட்டிட்டு போய் தூரத்துல இருந்து காட்டுனாராம். பாட்டி அன்னைக்கு அவர்கிட்டயும் இதே மாதிரி தான் ஏதோ கேட்டிருக்காங்க, ரேடியோ பாட்டு கேக்குமான்னு. கேக்கும்னு சொல்லிட்டாராம் மனுசன்.

எதிர் சரிவ ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தோம். நான் வந்தப்ப சட்டமெல்லாம் ஒரு பக்கம் சாஞ்சு நின்னுச்சு, இப்ப கொஞ்சூண்டு நிமிந்த மாதிரி இருந்துச்சு. அது திரும்பறது கண்ணுக்கு தெரியாது, கடிகாரத்தோட சின்ன முள்ளு போற வேகத்துல பாதி தான், ஒரு டீ குடிச்சு முடிச்சுட்டு பாத்தா தான் தெரியும். பாட்டிகிட்ட சொன்னேன், பாருங்க திரும்பியிருக்கு. "அது எப்பவும் திரும்பும்"னாங்க, அம்பது வருஷமா எதிர்ல உக்காந்திருக்கறவங்ககிட்ட போய் நான் சொல்றேன்.

உள்ள சீரியல் சத்தம் பாதி வசனத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சுது. பாட்டி டம்ளர வாங்கிட்டு எந்திரிச்சு போய்ட்டாங்க, போறப்ப உள்ள இருந்தே, "நாளைக்கும் போகுமா?"

இன்னும் ரெண்டு நாள் போகும் பாட்டின்னேன்.